அயர்லாந்து விடுதலைப் போரில் உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கு பென்ஷன் கிடைத்ததா?

கேள்வி இதுதான்: 1916 ஈஸ்டர் எழுச்சியிலும் அதற்குப் பிறகு வந்த சண்டைகளிலும் உயிரைவிட்ட அயர்லாந்துக்காரர்களின் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குச் சுதந்திர அரசாங்கம் ஏதாவது கொடுத்ததா? கொடுத்தது என்றால் ஏன் இத்தனை விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின?

கொடுத்தது. ஆனால் எல்லாருக்கும் கொடுக்கவில்லை, கொடுத்தவர்களுக்கும் சமமாகக் கொடுக்கவில்லை. செத்தவர் எந்தப் பக்கம் நின்றார், எந்த வருடம் செத்தார், வீட்டுக்கு எவ்வளவு சம்பாத்தியம் கொண்டுவந்தார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் கொடுத்தார்கள். நாட்டுக்காகச் செத்தார் என்பது மட்டும் போதவில்லை. ‘அவர் செத்ததால் எங்கள் வீட்டுக்கு இத்தனை பவுண்டு நஷ்டம்’ என்று குடும்பம் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் என் மனசை ரொம்பவும் உறுத்துவது இதுதான், அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் அரசாங்கம் என்ற ஒன்றே இல்லாத காலத்தைப் பார்த்துவிடுவோம். 1916 ஏப்ரல் 24ஆம் தேதி டப்ளினில் தொடங்கிய எழுச்சி ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டது. மே மாதம் 15 பேரை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. ஆகஸ்டில் ரோஜர் கேஸ்மென்டை லண்டனில் தூக்கில் போட்டார்கள். சண்டையிலேயே செத்தவர்கள் தனி, கைதாகி பிரிட்டனிலுள்ள சிறைகளுக்கும் முகாம்களுக்கும் போனவர்கள் தனி. இவர்களில் பலர் தினக்கூலி, வாரக்கூலி வாங்கிக் குடும்பம் நடத்தியவர்கள். சனிக்கிழமை கூலி வரவில்லை என்றால் திங்கட்கிழமை அடுப்பெரியாத வீடுகள். தூக்கிச் சாப்பாடு போட யார் இருந்தார்கள்?

கேத்லீன் கிளார்க் இருந்தார். அவருடைய கணவர் டாம் கிளார்க்கை மே 3ஆம் தேதி சுட்டார்கள், தம்பி நெட் டேலியை மறுநாள் சுட்டார்கள். கேத்லீன் அப்போது கர்ப்பமாக இருந்தார், அந்தக் குழந்தையும் தங்கவில்லை. தோற்றுவிட்டால் குடும்பங்களைக் கவனிக்க வேண்டும் என்று எழுச்சிக்கு முன்பே, அதைத் திட்டமிட்ட ரகசிய அமைப்பான ஐரிஷ் குடியரசு சகோதரத்துவ அமைப்பு கொஞ்சம் பணத்தையும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்திருந்தது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்கார்ந்தபடியே, அவர் தொண்டர் குடும்ப நிதியைத் தொடங்கினார். இன்னொரு உதவிச் சங்கமும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் இரண்டும் ஒன்றாகின. 1917 பிப்ரவரியில் அந்த நிதிக்குச் செயலாளராக வந்தவர் ஃப்ரான்கோக் முகாமிலிருந்து விடுதலையாகியிருந்த ஒரு இளைஞர், பெயர் மைக்கேல் காலின்ஸ். பின்னாளில் ஒரு ரகசியப் போரையே நடத்திய மனிதருக்கு நாடெங்கும் தொடர்பு உண்டாக்கிக் கொடுத்ததில் இந்த விதவைகளுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் வேலைக்கும் பெரிய பங்கு உண்டு. எந்த ஊரில் யார் வீடு, யாரை நம்பலாம் என்பதெல்லாம் அந்தக் கணக்குப் புத்தகங்கள் வழியாகத்தான் அவருக்குத் தெரிய வந்தது.

அந்த நிதி என்னவெல்லாம் செய்தது என்பதற்கு ஒரு சோகமான உதாரணம். 1917 கோடையில், கணவனை இழந்த பெண்களும் பிள்ளைகளும் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரீஸ் என்ற கடலோர ஊரில் அவர்களைத் தங்கவைத்தார்கள். சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் தாமஸ் மக்டோனாவின் மனைவி ம்யூரியலும் அங்கே இருந்தார். ஜூலை 9ஆம் தேதி கடலில் நீந்தப் போனவர் திரும்பவில்லை. டோனா, பார்பரா என்று இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள், பதினைந்து மாதத்துக்குள் அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை. பின்னாளில் சட்டம் ‘விதவை’, ‘பிள்ளை’, ‘அனாதை’ என்று கட்டம் கட்டிப் பிரித்தபோது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இந்த மாதிரி ஒரு வீடு இருந்தது.

1919இல் தொடங்கிய விடுதலைப் போரின் பின்பகுதியில் அமெரிக்காவில் திரட்டிய பணத்தை வைத்து ஐரிஷ் வெள்ளைச் சிலுவைச் சங்கம் உதவியது. அதன் குழந்தைகள் பிரிவைப் பல வருடம், 1947 வரைக்கும், நடத்தியவர் ஆன்யா கியான்ட். 1916இல் சுடப்பட்ட ஈமன் கியான்டின் மனைவி. தானே விதவையாக இருந்துகொண்டு மற்றவர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பெண்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

சரி, இனி அரசாங்கம். 1921 ஜூலை 11ஆம் தேதி பிரிட்டனோடு சண்டை நிறுத்தம் வந்தது, டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் 1922 ஜூனில் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். 1923 மே மாதம் அந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. அதே வருடம் ஆகஸ்டில் ராணுவ ஓய்வூதியச் சட்டம் வந்தது. தேதியைக் கவனியுங்கள். துப்பாக்கிச் சூடு நின்று சில மாதம்கூட ஆகவில்லை, எதிர்த்தரப்பு ஆட்கள் ஆயிரக்கணக்கில் சிறையில் இருக்கிறார்கள், அந்தச் சூட்டோடு சூடாக எழுதிய சட்டம் அது. ஜெயித்த தரப்பின் தேசிய ராணுவத்தில் செத்தவர்கள், அதற்கு முன்னால் 1916இலிருந்து பிரிட்டனை எதிர்த்துச் செத்த ஐரிஷ் தொண்டர் படை, ஐரிஷ் குடிமக்கள் படை ஆட்கள், இவர்களின் குடும்பங்களுக்கு அதில் இடம் உண்டு. உள்நாட்டுப் போரில் ஒப்பந்தத்தை எதிர்த்துச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு இடம் இல்லை.

இது என்ன அர்த்தம் என்று புரிய இரண்டு நாள் போதும். 1922 டிசம்பர் 7ஆம் தேதி ஷான் ஹேல்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரை டப்ளினில் எதிர்த்தரப்பு சுட்டுக் கொன்றது. அவர் விடுதலைப் போரில் கார்க் மாவட்டத்தில் சண்டை போட்டவர், பிறகு ஒப்பந்தத்தை ஆதரித்தவர். அவருடைய கூடப்பிறந்த டாம் ஹேல்ஸோ ஒப்பந்தத்தை எதிர்த்தவர். மறுநாள் காலை, பழிவாங்கலாக, மவுண்ட்ஜாய் சிறையில் ஏற்கெனவே அடைபட்டிருந்த ரோரி ஓ’கானர், லியம் மெல்லோஸ், ஜோ மெக்கெல்வி, டிக் பாரெட் நாலு பேரையும் விசாரணையே இல்லாமல் அரசாங்கம் சுட்டது. ஐந்து பேரும் இரண்டு வருடத்துக்கு முன் ஒரே படை. 1923 சட்டத்தின் கண்ணில் முதல் நாள் செத்தவர் அரசின் தியாகி, மறுநாள் செத்த நாலு பேர் யாருமே இல்லை. மெல்லோஸ் 1916லேயே கால்வே மாவட்டத்தில் எழுச்சியை நடத்தியவர் என்பதும் எடுபடாது. இப்படி அரசாங்கத்தின் துப்பாக்கிக்கு இரையானவர்கள் எழுபத்தைந்துக்கும் மேல். அவர்களின் அம்மாக்கள் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது பணத்துக்கு வருவோம். 1923 சட்டப்படி அதிகாரி நிலையில் இருந்து செத்தவரின் மனைவிக்கு வருடத்துக்கு 90 பவுண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்துக்கு 24 பவுண்டு, அதுவும் குறிப்பிட்ட வயது வரைதான். சாதாரணத் தொண்டரின் மனைவிக்கு இதைவிடக் குறைவாக, வாரக் கணக்கில். மறுமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுபோகும். 90 பவுண்டு அன்றைக்குப் பெரிய தொகையா என்றால், அந்தக் காலத்து முதியோர் பென்ஷன் வாரத்துக்கு 10 ஷில்லிங், அதாவது வருடத்துக்கு 26 பவுண்டு. அதையும் 1924இல் ஒரு ஷில்லிங் வெட்டினார்கள். அப்படி நெருக்கடியில் இருந்த கஜானா. அதனால் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எங்கே குறைக்கலாம் என்ற கண்ணோடுதான் பார்த்தார்கள்.

மனைவி, பிள்ளை என்றால் வழக்கு கொஞ்சம் சுலபம். கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அவர் எங்கே எப்படிச் செத்தார் என்று மேலதிகாரியின் கடிதம், அவ்வளவு போதும். ஆனால் செத்தவர்களில் பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுக் கல்யாணமாகாத பையன்கள். அதனால் விண்ணப்பித்தவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். அங்கேதான் சிக்கலே. பெற்றவர்கள் என்பதற்காகக் கொடுக்க மாட்டார்கள், அந்தப் பையன் செத்த சமயத்தில் வீடு அவனை நம்பி இருந்ததா என்று கேட்பார்கள். முழுக்க நம்பி இருந்தால் வாரத் தொகை கிடைக்கலாம். ஓரளவு நம்பி இருந்தால் ஒரே தடவையாக ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். நம்பி இல்லை என்றால் ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு வயதாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்ய முடியாத உடம்பாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்கள் கேட்டாலும் இதே மாதிரி நிபந்தனைகள்தான்.

இந்தக் கோப்புகளில் ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? மேலே அச்சடித்த படிவம். ‘இறந்தவர் உங்களுக்கு வாரம் எவ்வளவு கொடுத்துவந்தார்?’ என்ற கேள்விக்கு எதிரே நடுங்கிய கையெழுத்தில் ஒரு எண், சில சமயம் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி. அதற்குக் கீழே, பையன் வேலை பார்த்த கடை முதலாளியிடமிருந்து ‘இன்ன தேதி வரை வாரம் இத்தனை ஷில்லிங் கொடுத்தேன்’ என்று ஒரு கடிதம். பங்குத் தந்தையின் பரிந்துரை. மருத்துவரின் சான்று. அப்புறம் உள்ளூர் கார்டா போலீஸின் அறிக்கை: இவர்களுக்கு இத்தனை ஏக்கர் நிலம், இத்தனை மாடு, வீட்டில் இருக்கும் மற்ற மகன்கள் இன்னின்ன வேலை, மகள் ஒருத்தி அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்புகிறாள். பல கோப்புகளில் வருமானத்தைச் சரிபார்க்க சுங்க, கலால் துறை அதிகாரியும் வந்து போயிருப்பார். வீட்டு வாசலில் நின்று மாட்டை எண்ணிக்கொண்டு போவார்கள். மகன் செத்த கதை ஒரு பத்தியில் முடிந்துவிடும், மாட்டுக் கணக்கு மூன்று பக்கம் ஓடும்.

இதில் இரண்டு விதமான வீடுகள் ரொம்ப அடிபட்டன. ஒன்று, சொந்தச் சின்ன நிலத்தை உழுத குடும்பம். அங்கே மகனுக்குக் கூலி என்று எதுவும் கிடையாது, அப்பாவோடு சேர்ந்து விதைப்பான், அறுப்பான், சாப்பிடுவான். அவன் எவ்வளவு ‘கொடுத்தான்’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அதனால்தான் ‘அவன் போன பிறகு கூலிக்கு ஆள் வைத்தோம், அந்த ஆளுக்கு இவ்வளவு கொடுத்தோம்’ என்று இவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆள் வைக்க வசதியில்லாமல் தாங்களே முதுகொடிய வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. இன்னொன்று, தலைமறைவாகப் போனவர்களின் வீடு. 1920, 1921இல் கொரில்லாப் பிரிவுகளில் முழு நேரமாகச் சேர்ந்தவன் கடைசி ஒரு வருடம் சம்பளமே வாங்கியிருக்க மாட்டான், வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டான். யார் போருக்குத் தன்னை முழுதாகக் கொடுத்தானோ அவன் வீட்டுக்குத்தான் ‘செத்த சமயத்தில் அவன் வருமானம் இல்லை’ என்ற பிரச்சினை வந்து நின்றது. அதிகாரிகள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கோப்புகளின் ஓரத்தில் எப்படியாவது கொடுக்க வழி தேடிய குறிப்புகளும் இருக்கின்றன. சட்டத்தை எழுதிய விதம் அப்படி. தொழிற்சாலை விபத்தில் தொழிலாளி செத்தால் நஷ்ட ஈடு கணக்குப் போடுவார்களே, ஏறக்குறைய அதே அளவுகோலைத்தான் இங்கேயும் பிடித்தார்கள்.

நோயால் செத்தவர்களின் குடும்பங்கள் பட்ட பாடு இன்னொரு ரகம். குண்டு பட்டுச் செத்தால் சந்தேகம் இல்லை. சிறையில் ஈரத்தில் கிடந்து, பட்டினிப் போராட்டம் இருந்து, மலைக்காட்டில் மழையில் படுத்து, வெளியே வந்து இரண்டு மூன்று வருடம் இருமி இருமிக் காசநோயில் செத்தால்? அந்தக் காலத்து அயர்லாந்தில் காசநோய் எந்தத் தெருவிலும் இருந்தது. ‘இந்த நோய் போர்ச் சேவையால் வந்தது’ என்று மருத்துவக் குழுவை நம்பவைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்த மருத்துவர் செத்திருப்பார், சிறை ஆவணம் பிரிட்டிஷாரிடம் இருக்கும். இந்த வகை விண்ணப்பங்களைப் படிக்கும்போதுதான் மனசு ரொம்ப கனத்துப்போகும், ஏனென்றால் குடும்பத்துக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், நிரூபிக்க மட்டும் வழி இருக்காது.

பெண்கள் விஷயம். 1916இல் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டு மூன்று குண்டு வாங்கியவர் மார்கரெட் ஸ்கின்னிடர், ஸ்காட்லாந்தில் பிறந்த பள்ளி ஆசிரியை. காயத்துக்கான பென்ஷன் கேட்டு 1925இல் விண்ணப்பித்தார். சட்ட ஆலோசகர் என்ன சொன்னார் என்றால், அந்தச் சட்டம் ‘படைவீரர்’ என்று சொல்வது பொதுவாகப் புரிந்துகொள்ளப்படுகிற ஆண்பால் அர்த்தத்தில்தான், ஆகவே இவருக்குப் பொருந்தாது. உடம்பில் மூன்று குண்டுத் தழும்பு இருந்தும் சட்டத்தில் ஆள் இல்லை. அவருக்குப் பென்ஷன் கிடைத்தது 1938இல். 1924இல் வந்த ராணுவச் சேவை ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் பென்ஷன் பெற்ற ஒரே பெண் பிரிஜிட் லயன்ஸ் தார்ன்டன், அதுவும் அவர் தேசிய ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் முறையான அதிகாரியாக இருந்ததால். பெண்கள் அமைப்பான கூமன் நா மானில் வேலை செய்தவர்களை 1932இலும் 1934இலும் வந்த சட்டங்கள்தான் உள்ளே விட்டன. அப்போதும் சேவை பென்ஷனில் அவர்களுக்கு ஐந்து தரநிலைகளில் கடைசி இரண்டு தரநிலை மட்டுமே.

இந்த இடத்தில் பலர் குழம்புவார்கள், அதனால் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ராணுவ ஓய்வூதியச் சட்டங்கள் என்று ஒரு வரிசை, 1923, 1927, 1932, 1937 என்று போகும். அது காயம், நோய், சாவு இவற்றுக்கானது, குடும்பங்கள் கேட்டது இதன் கீழ்தான். ராணுவச் சேவை ஓய்வூதியச் சட்டங்கள் என்பது வேறு வரிசை, 1924, 1934, 1949. அது உயிரோடு திரும்பியவர்களுக்கு, எத்தனை வருடம் சேவை செய்தார்கள் என்று கணக்கிட்டுக் கொடுப்பது. இந்தச் சேவை பென்ஷன் வாங்கியவர் போய்விட்டால் அதுவும் அவரோடு போய்விடும். கணவர் வாங்கிக்கொண்டிருந்த பணம் தனக்குத் தொடரும் என்று எண்ணிய எத்தனையோ மனைவிமார் அடக்கம் முடிந்த கையோடு பாதுகாப்புத் துறைக்குக் கடிதம் எழுதி, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டார்கள். அந்த விதவைகளுக்கென்று வழி பிறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1932இல் டி வலேராவின் ஃபியன்னா ஃபாயில் கட்சி ஆட்சிக்கு வந்தது. உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பு தேர்தலில் ஜெயித்து வந்துவிட்டது. அந்த வருடமே புதிய ராணுவ ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்து, இதுவரை கதவுக்கு வெளியே நின்ற குடும்பங்களை உள்ளே அழைத்தார்கள். ஆனால் எல்லாரும் வந்துவிடவில்லை. ‘எங்கள் பிள்ளை ஏற்காத அரசாங்கத்தின் காசு எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கியவர்கள் இருந்தார்கள். அப்படிச் சொன்ன சிலர் வறுமை தாங்காமல் பின்னர் விண்ணப்பித்தார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது 1937ஆம் வருடச் சட்டம். 1916 எழுச்சி தொடங்கியபோது வெளியிட்ட குடியரசுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரின் விதவைகளுக்கு வருடத்துக்கு 500 பவுண்டு. ஜேம்ஸ் கானலியின் மனைவி லில்லி, கேத்லீன் கிளார்க், ஆன்யா கியான்ட், கிரேஸ் பிளங்கெட் ஆகியோர் அப்போது உயிரோடு இருந்தவர்கள். அவர்கள் பட்டதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஆனால் அதே வாரத்தில் அதே எழுச்சியில் தெருவில் செத்த சாதாரணத் தொண்டனின் மனைவி வாங்கியது அதில் சின்னப் பங்குதான். அந்தப் பிரகடனம் எல்லாக் குடிமக்களுக்கும் சம உரிமை என்று சொன்ன பிரகடனம், எல்லாப் பிள்ளைகளையும் சமமாகப் போற்றுவோம் என்று சொன்ன பிரகடனம். இந்த வித்தியாசம் எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை.

கிரேஸ் பிளங்கெட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சட்டம் ஒரு விதவையை எப்படி நடத்தியது என்பது அவர் கதையில் வேறு விதமாகத் தெரியும். 1916 மே 3ஆம் தேதி இரவு கில்மெய்னம் சிறைக் கோயிலில் காவலர்கள் சூழ அவருக்கும் ஜோசப் பிளங்கெட்டுக்கும் கல்யாணம் நடந்தது. சில மணி நேரத்தில், மே 4 விடியலில், ஜோசப்பைச் சுட்டுவிட்டார்கள். தனக்குள்ள எல்லாம் கிரேஸுக்கே என்று ஜோசப் எழுதிவைத்திருந்தார். ஆனால் அந்த உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும், ஒரு சாட்சிதான் இருந்தது, செல்லாது என்றாகிவிட்டது. கடைசியில் மாமனார் மாமியார் மீதே கிரேஸ் வழக்குப் போட வேண்டியதாயிற்று. 1930களின் நடுவில் 700 பவுண்டு கொடுத்து அதைச் சமரசமாக முடித்தார்கள். ஊரெல்லாம் அந்தச் சிறைக் கல்யாணத்தைக் காதல் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில் அவர் படம் வரைந்து விற்றும் வாடகை அறைகளில் குடியிருந்தும் காலம் தள்ளினார்.

இந்தியாவோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சட்டமும் உண்டு. 1920 ஜூன் கடைசியில் ஜலந்தரிலும் சோலனிலும் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பிரிவின் ஐரிஷ் வீரர்கள், அயர்லாந்தில் பிரிட்டிஷ் படைகள் செய்வதைக் கண்டித்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சோலனில் ஆயுதக் கிடங்கு அருகே நடந்த மோதலில் பீட்டர் சியர்ஸ், பேட்ரிக் ஸ்மித் இரண்டு பேர் செத்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற இளைஞரை நவம்பர் 2ஆம் தேதி தக்ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். இவர்கள் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசுப் படையிலும் இல்லை, தொண்டர் படையிலும் இல்லை, பிரிட்டிஷ் சீருடையில் இருந்தவர்கள். அதனால் மேலே சொன்ன எந்தச் சட்டத்துக்குள்ளும் வர மாட்டார்கள். சிறையிலிருந்து வந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் பென்ஷனும் கிடையாது, ஐரிஷ் பென்ஷனும் கிடையாது. பல வருடம் கேட்டுக் கேட்டு 1936இல் கன்னாட் ரேஞ்சர்ஸ் ஓய்வூதியச் சட்டம் என்று தனியாக ஒன்று வந்தது, செத்தவர்களின் குடும்பத்தாரும் அதன் கீழ் விண்ணப்பிக்க முடிந்தது. டேலி, சியர்ஸ், ஸ்மித் மூவரின் எலும்புகளும் ஊர் போய்ச் சேர 1970 ஆயிற்று.

இனி, ஏன் இத்தனை தள்ளுபடி என்ற கேள்வி. மேலே சொன்னவற்றிலேயே பாதிப் பதில் இருக்கிறது: தவறான பக்கம், தவறான பால், போதாத வறுமை, நிரூபிக்க முடியாத நோய். இதோடு கெடு தேதி தாண்டிப் போனவை ஏராளம். சேவை பென்ஷனை எடுத்துக்கொண்டால், மொத்தம் 80,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, 20,000க்கும் குறைவானவர்களுக்குத்தான் கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் எல்லாம் பொய் சொன்னார்கள் என்று சிலர் இந்த எண்ணைக் காட்டிப் பேசுவார்கள், அது தவறு. சட்டம் ‘செயல்பட்ட சேவை’ வேண்டும் என்றது. சாலையை வெட்டியவன், சேதி கொண்டுபோனவள், தலைமறைவானவர்களுக்கு ஆறு மாதம் இடம் கொடுத்துச் சோறு போட்டவள், இவர்களுடைய வேலையைப் பல சமயம் அந்த வரையறைக்குள் சேர்க்கவில்லை. அதோடு, உண்மை என்று சொல்ல பழைய படைத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அவரோடு உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்றிருந்தால், அல்லது அவர் நியூயார்க்குக்குக் கப்பலேறியிருந்தால், என்ன செய்வது?

இந்தக் கோப்புகளை இன்றைக்கு யாரும் படிக்கலாம் என்பது நல்ல சேதி. டப்ளின் ரத்மைன்ஸ் பகுதியிலுள்ள கேத்தல் ப்ரூகா படைமுகாமில் இருக்கும் ராணுவ ஆவணக் காப்பகம் 2014 ஜனவரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவருகிறது. மொத்தத் தொகுப்பு லட்சக்கணக்கான கோப்புகள். ஆராய்ச்சிக்காகவோ ஆர்வத்துக்காகவோ தேடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒருவரின் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் தேடாதீர்கள், ஐரிஷ் வடிவத்திலும் தேடுங்கள். அதே மனிதர் இரண்டு கோப்பில் இரண்டு பெயரில் இருப்பார். செத்தவரின் பெயரில் கிடைக்கவில்லை என்றால் அம்மா பெயரிலும் மனைவி பெயரிலும் பாருங்கள். ஊர் பெயரைப் போட்டுப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் கோப்புக்குள் இவரைப் பற்றிய சாட்சி அகப்படும், எனக்குப் பல நல்ல தகவல்கள் அப்படித்தான் கிடைத்திருக்கின்றன. முக்கியமாக, தள்ளுபடியான கோப்பை ஒதுக்கிவிடாதீர்கள். உடனே கிடைத்தவரின் கோப்பு நாலு தாளில் முடிந்துவிடும். மறுக்கப்பட்டவர்தான் மேல்முறையீடு மேல்முறையீடாக, எந்தப் பாலத்தில் யாரோடு நின்றேன், எந்த ராத்திரி யார் வீட்டில் தங்கினேன், மகனின் உடம்பை யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். 1934இல் மறுக்கப்பட்டவர் 1949 சட்டம் வந்ததும் மறுபடி எழுதியிருக்கலாம், அதனால் கோப்பின் கடைசித் தாள் வரை புரட்டிப் பாருங்கள்.